கோலார் தங்க வயலும் மருத்துவ மாணவர் தேர்வும்

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் மாணாக்கர் பெரும்பாலோர், கோலார் என்னும் ஊர்ப் பெயரைத் தேர்வின் பொருட்டு ஒருமுறையேனும் மனப்பாடம் செய்திருப்பர். "சிலிகோஸிஸ் என்னும் நுரையீரல் நோய் இந்தியாவில் முதன்முதலாக எவ்விடத்திலிருந்து அறிவிக்கப்பட்டது?" என்பது நோய்த் தடுப்பு மருத்துவப் பாடத்தில் பழகிப்போன வினா. கோலார் தங்கச் சுரங்கம் என்பது விடை. ஆண்டும் வேண்டுமெனில் 1947 என்று எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இவ்வினாவைத் திருத்துவதும் எளிது. விடை சரி அல்லது தவறு, இடைப்பட்ட நிலை ஏதுமில்லை.

ஆயினும் இவ்வினாவிற்குப் பிழையின்றி விடையளித்த ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பின்னர் பெங்களூரிலோ வேலூரிலோ ஓர் ஆஸ்பத்திரியின் புறநோயாளர் பிரிவில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி வந்த முதியவர் ஒருவர் அவர்முன் இருமியபடி நிற்கிறார். இளமையில் 16 ஆண்டுகள் பாறையைத் துளையிட்டவர் அவர். அந்த மருத்துவர் இம்முதியவரின் மூச்சிரைப்பையும் தாம் மனப்பாடம் செய்த ஊர்ப் பெயரையும் தொடர்புபடுத்திப் பார்ப்பாரா? பாராவிடில், அம்முதியவருக்குக் காசநோய் மருந்து மீண்டும் ஒருமுறை வழங்கப்படும். அல்லது "பீடியை நிறுத்துங்கள்" என்ற அறிவுரையோடு அவர் திருப்பி அனுப்பப்படுவார். பொது மருத்துவத்தில் மாணவரின் அறிவைச் சோதிக்கும் முறை எதுவாக இருத்தல் வேண்டும் என்ற கேள்விக்குக் கோலாரைவிடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது.

பாறையும் புழுதியும்

கர்நாடக மாநிலத்தில், ஆந்திர எல்லையையும் தமிழக எல்லையையும் ஒட்டினாற்போல் அமைந்துள்ளது தங்க வயல். 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குப் பெருமளவில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். 1902-ல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க், ஊர்காம் ஆகிய சுரங்கங்கள் நாளடைவில் ஆழ்ந்துகொண்டே சென்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. இவ்வாழத்தின் பயனைப் பௌதிக விஞ்ஞானிகளும் பெற்றனர். 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களின் சுவடு இங்குப் பதிவானது உலகறிந்த செய்தி. ஆனால் அதே ஆழத்தில் மற்றொன்றும் பதிவாகிக்கொண்டிருந்தது. அது பதிவான இடம் மனிதரின் நுரையீரல்.

தொழிலாளரில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் இங்கு வேலை பார்த்தனர். தங்கம் தனிக் கட்டியாகக் கிடைப்பதன்று. ஹார்ன்பிளெண்டு எனப்படும் கரும்பாறையின் ஊடே வெண்ணிறப் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்நரம்புகளில் தங்கம் நுண்துகளாகக் கலந்திருக்கிறது. ஆகவே தங்கத்தை நாடியவர் குவார்ட்ஸை உடைத்தே தீர வேண்டும். துளை எந்திரத்தால் பாறையில் துளையிடுதல், வெடி வைத்தல், சிதறிய கல்லை வாரித் தள்ளுதல், மேலே கொணர்ந்து அரைவை ஆலையில் மாவாக்குதல் ஆகிய ஒவ்வொரு படியிலும் புழுதி எழும்.

எல்லாப் புழுதியும் ஒன்றல்ல என்பது இங்கு முதலில் அறியத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்த துகளே நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை செல்ல வல்லது. தலைமயிரின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூட அது இராது. அத்தகைய துகள் படிக சிலிகாவாக இருப்பின், அதை விழுங்க வரும் காவல் உயிரணுக்கள் அதைச் செரிக்க மாட்டாமல் தாமே மடிகின்றன. மடிந்த உயிரணு விட்ட துகளை வேறொன்று விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. இப்போராட்டம் நடக்குமிடத்தைச் சுற்றி நார்த்திசு வளர்கிறது. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காய் இறுகிய சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. முடிச்சுகள் பெருகப் பெருக, காற்றை ஏற்கும் மெல்லிய திசு சுருங்குகிறது. முற்றிய நிலையில் பல முடிச்சுகள் ஒன்றாய்ச் சேர்ந்து பெருந்திரளாகின்றன.

இந்நோயின் கொடுமை இரண்டு. பெரும்பாலும் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ புழுதியைச் சுவாசித்த பின்னரே நோய் வெளிப்படுகிறது. புழுதி மிகக் கடுமையாயின் 5 ஆண்டுகளுக்குள்ளேயே தோன்றுவதும் உண்டு. இரண்டாவது, வேலையை விட்டுவிட்டால் நோயும் நின்றுவிடும் என்பதில்லை. உட்சென்ற துகள் உள்ளேயே இருக்கிறதாதலால் நார்த்திசு வளர்ந்துகொண்டே போகக் கூடும். சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. மூடிய சுரங்கம் புதிய நோயாளியை உண்டாக்காது. ஆயின் பழைய தொழிலாளரின் நெஞ்சில் அது இன்னும் மூடப்படவில்லை.

அறிவித்த ஆண்டும் தோன்றிய ஆண்டும்

இனித் தேர்வு வினாவுக்குத் திரும்புவோம். முதன்முதல் அறிவிக்கப்பட்ட ஆண்டு 1947 என்பது பாடநூல் வழக்கு. வேறு சில நூல்கள் 1934 என்று குறிக்கின்றன. எந்நூலைப் படித்தவர் வினாத்தாளை அமைத்தார் என்பதைப் பொறுத்து மாணவர் ஒரு மதிப்பெண்ணைப் பெறலாம், இழக்கலாம். இது சிறு விஷயம். பெரிய விஷயம் வேறு. தங்க வயலில் பெருமளவில் துளையிடல் தொடங்கியது 1880-களில். எந்த ஆண்டைக் கொண்டாலும் அறிவிப்புக்கு அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. அதுவரை நோய் இல்லாமலா இருந்தது?

1940-களில் காப்லான் முதலிய மருத்துவர்கள் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவு இதற்கு விடை கூறுகிறது. பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 43-க்கும் மேற்பட்டோருக்குச் சிலிகோஸிஸ் இருந்தது. பத்துப் பதினைந்தாண்டுகள் மெல்ல மெல்ல வளரும் நோய் ஒன்று ஓர் ஊரில் இத்தனை பேரிடம் ஒரே காலத்தில் காணப்படுமாயின், அது நேற்று வந்ததன்று. நோய் இருந்தது, அதைத் தேடிய கண்தான் இல்லை.

கண் இல்லாமைக்குக் காரணங்கள் உண்டு. எக்ஸ்-ரே கதிரை ரான்ட்ஜன் கண்டறிந்ததே 1895-ல். பெருந்தொகையான தொழிலாளரின் மார்பைப் படமெடுப்பது அதற்குப் பல்லாண்டுகள் பின்னரே இயல்வதாயிற்று. சுரங்கங்கள் யாங்கணும், உடல் தளர்ந்து வேலைக்கு உதவாதவர் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிவிடுவது வழக்கம். அவருடைய சாவு சுரங்கத்தின் கணக்கில் ஏறாது. எல்லாவற்றிற்கும் மேலாக, மெலிவும் இருமலும் மூச்சிரைப்பும் உள்ள ஏழைத் தொழிலாளியைக் கண்டால் "காசம்" என்று சொல்லிவிடுவது எளிது. காசநோய் எங்கும் பரவிக் கிடந்த நாட்டில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்துவிடும். பாதி உண்மையான நிர்ணயம் முழுப் பொய்யைவிட நீண்டகாலம் வாழும் போலும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதே நோய் முன்னரே கண்டறியப்பட்டுச் சட்டமும் இயற்றப்பட்டிருந்தது. 1930-ல் ஜோஹன்னஸ்பர்க் நகரில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கூட்டிய மகாநாடு சிலிகோஸிஸ் பற்றிய அறிவை ஒழுங்குபடுத்தியது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ஆப்பிரிக்காவில் வேலை செய்து திரும்பிய சுரங்கத் தொழிலாளர் இளவயதில் மாண்டதை ஹால்டேன் என்னும் அறிஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து புழுதியே காரணம் எனக் காட்டினார். அதே கார்ன்வாலிலிருந்து கோலாருக்கும் சுரங்க வல்லுநர்கள் வந்து வேலை பார்த்தார்கள். அறிவு உலகில் இருந்தது. நோயாளியின் படுக்கையருகே அது வந்து சேரவில்லை. தேர்வு என்பது இவ்விடைவெளியை அளக்க வேண்டும்.

ஒரு நீண்ட பரிசோதனை

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் எழுத்துத் தாள்களோடு, நோயாளியைக் கொண்டு நடத்தும் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. அவற்றுள் 'லாங் கேஸ்' என வழங்கும் நீண்ட பரிசோதனையே மாணவர் மிகவும் அஞ்சுவது. ஒரு நோயாளியிடம் மாணவரை முக்கால் மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ விட்டுவிடுவர். வரலாறு கேட்டு, உடலைச் சோதித்து, முடிவு கண்டு, தேர்வாளர்முன் அவர் எடுத்துரைக்க வேண்டும். மேலே கூறிய முதியவரே அந்நோயாளி என்று கற்பித்துக்கொண்டு பார்க்கலாம்.

"ஐயா, உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, தம்பி. நாலு வருஷமாகக் கூடிக்கொண்டே போகிறது."

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன்."

மாணவர் தாளில் "காவலாளி" என்று எழுதிக்கொண்டு, புகைபிடிக்கும் பழக்கத்தைப் பற்றிய அடுத்த கேள்விக்குப் போகிறார். தேர்வின் வெற்றி தோல்வி இவ்விடத்திலேயே முடிவாகிவிட்டது. இனி அவர் எவ்வளவு திறமையாக மார்பைத் தட்டிப் பார்த்தாலும், எத்தனை நுணுக்கமாக ஒலியைக் கேட்டாலும், பயன் சிறிதே. சிலிகோஸிஸ் நோயில் மார்பொலி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஸ்டெதஸ்கோப்பு சொல்லாததை நோயாளியின் வாயே சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவரைக் கேட்க வேண்டும்.

"அதற்கு முன்னால்?" என்ற ஒரே வினாவைச் சேர்த்திருந்தால் போதும். "மைன்ஸில் இருந்தேன்" என்று அவர் சொல்லியிருப்பார். அதோடும் நின்றுவிடலாகாது. சுரங்கத்தில் எழுத்தர் வேலையும் உண்டு, மின்தூக்கி இயக்கும் வேலையும் உண்டு. நிலத்தடியில் துளை எந்திரம் பிடித்தவரா, வெடித்த கல்லை வாரியவரா, மரத்தூண் நிறுத்தியவரா, அரைவை ஆலையில் நின்றவரா? எத்தனை ஆண்டுகள்? துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சினார்களா, உலர்ந்த நிலையில் துளைத்தார்களா? வெடி வைத்தபின் எவ்வளவு நேரம் கழித்து உள்ளே சென்றார்கள்? உடன் வேலை செய்தவர்களில் இப்படி மூச்சிரைத்தவர் உண்டா? காசநோய்க்கு முன்பு மருந்துண்டது உண்டா. அப்போது சளியில் கிருமி காணப்பட்டதா, படத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தார்களா? இக்கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். இவற்றைக் கேட்டவருக்கு நோய் பாதி விளங்கிவிட்டது.

இது புதிய அறிவுரையன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸீனி 1700-ல் தொழில்நோய்கள் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், பண்டை மருத்துவர் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, "உன் தொழில் யாது?" என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். 300 ஆண்டுகளுக்குப் பின்னும் நோயாளிச் சீட்டில் அக்கேள்விக்கு ஒரு சொல் அளவே இடம் விடப்பட்டிருக்கிறது.

வரலாற்றைச் சரியாக அறிந்த மாணவரிடம் தேர்வாளர் மேலும் ஆழமாகச் செல்லலாம். மூச்சிரைப்புக்கு இதய நோய் காரணமாகாதா? இரத்த சோகை? பீடியால் வந்த மூச்சுக்குழல் அடைப்பு? ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை. பீடி குடித்த துளைத் தொழிலாளிக்கு இரண்டும் இருக்கலாம் என்று கூறும் மாணவர் சிந்திப்பவர். விரல்நுனி தடித்திருந்தால்? சிலிகோஸிஸில் அது வழக்கமான அடையாளமன்று. ஆகவே புற்றுநோய் போன்ற வேறொன்றைத் தேட வேண்டும். படிக சிலிகாவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியுள்ளதை இவ்விடத்தில் நினைவுகூரும் மாணவருக்குத் தாராளமாக மதிப்பெண் வழங்கலாம்.

அடுத்து எக்ஸ்-ரே படம். பாடநூல்கள் "பனிப்புயல் தோற்றம்" என்று வருணிக்கின்றன. கோலார் மாணவனோ வேலூர் மாணவனோ பனிப்புயலைக் கண்டவனல்லன். வருணனையை மனப்பாடம் செய்தவன் படத்தைக் கண்டால் தடுமாறுவது இயற்கை. கரும்பலகையில் சுண்ணக்கட்டித் தூளைத் தூவினாற்போல் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு விளங்கும். நுரையீரலின் மேற்பகுதிகளில் சிறு வட்டப் புள்ளிகள் மிகுந்திருக்கும். நுரையீரல் வேரிலுள்ள நிணக்கணுக்களின் விளிம்பில் முட்டையோடு போல் சுண்ணம் படிந்திருப்பதும் உண்டு. புள்ளிகளை வாய்க்கு வந்தபடி "கொஞ்சம்", "நிறைய" என்று சொல்லாமல் அளவிட்டுக் கூறச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஒரு முறை வகுத்துள்ளது. அந்நிறுவனம் தரும் மாதிரிப் படங்களை ஒருபுறமும் நோயாளியின் படத்தை மறுபுறமும் வைத்து ஒப்பிட வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் வரையுள்ள வட்டப் புள்ளிக்கு 'பி', அதற்கு மேல் 3 வரை 'க்யூ', 3 முதல் 10 வரை 'ஆர்' என்று எழுத்துகள். புள்ளிகளின் நெருக்கத்துக்குத் தனி எண்கள். நட்டஈடு வழங்கும் குழுக்கள் இம்முறையையே நாடுகின்றன என்பதால் இது வெறும் ஏட்டுக் கல்வியன்று.

காசநோய்க்கும் இதற்குமுள்ள தொடர்பே தேர்வின் மிகக் கடினமான பகுதி. காசம் என்று நினைத்துச் சிலிகோஸிஸைத் தவறவிடுவது ஒரு பிழை. சிலிகோஸிஸ் என்று தெரிந்துகொண்ட பெருமிதத்தில் காசத்தைத் தவறவிடுவது அதனினும் பெரிய பிழை. சிலிகாவால் காவல் உயிரணுக்கள் நலிந்த நுரையீரலில் காசக் கிருமி எளிதில் குடிகொள்கிறது. அத்தகையோருக்குக் காசநோய் வரும் வாய்ப்புப் பன்மடங்கு அதிகம். ஆதலால் படத்தை மட்டும் நம்பலாகாது, சளியைச் சோதிக்க வேண்டும். ஒருமுறை இல்லையென்று வந்தாலும் காய்ச்சலோ எடைக்குறைவோ இரத்தச் சளியோ காணின் மறுபடி சோதிக்க வேண்டும். 1959-ல் பெங்களூரில் தோன்றிய தேசியக் காசநோய் நிறுவனத்தின் வழிவந்த திட்டம், சளிப் பரிசோதனைக்கு முதலிடம் கொடுத்ததை மருத்துவ மாணவர் அறிவர். தங்க வயல் நோயாளியிடம் அப்பாடம் இருமடங்கு பொருந்தும். இரு நோய்களும் சேர்ந்திருப்பின் மருந்தை வழக்கமான காலத்திற்கு மேலும் நீட்டிக்க வேண்டியிருக்கும்.

வினாவைத் திருத்தி எழுதுதல்

ஆயிரக்கணக்கான மாணவர் ஒரே நாளில் எழுதும் நுழைவுத் தேர்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளியைக் கொடுக்க இயலாது என்பது உண்மை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை அதனாலேயே வேரூன்றியது. அம்முறையைப் பழிப்பது எளிது. அதைத் திருத்துவதே அறிவுடைமை. "முதலில் எங்கு அறிவிக்கப்பட்டது?" என்பதற்குப் பதிலாக, அதே கோலாரை வைத்து வேறு வகையில் வினவலாம்:

"62 வயதினர் ஒருவர். தங்கச் சுரங்கத்தில் 16 ஆண்டுகள் பாறை துளைத்தவர்; வேலையை விட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 4 ஆண்டுகளாக மூச்சிரைப்பு. காய்ச்சலோ எடைக்குறைவோ இல்லை. இருமுறை சோதித்தும் சளியில் காசக் கிருமி இல்லை. மார்புப் படத்தில் இருபுறமும் மேற்பகுதியில் 3 மில்லிமீட்டருக்குட்பட்ட வட்டப் புள்ளிகள். அடுத்துச் செய்யத்தக்கது யாது? (அ) காசநோய் மருந்தை உடனே தொடங்குதல். (ஆ) புகைபிடித்தலை நிறுத்தச் சொல்லி அனுப்புதல். (இ) மூச்சளவுச் சோதனை செய்து, நோயை உரிய அதிகாரிக்கு அறிவித்தல். (ஈ) நுரையீரலில் துண்டெடுத்துச் சோதித்தல்."

இவ்வினாவிற்குக் கோலார் என்ற பெயரை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கோலாரில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். (ஈ) என்று எழுதும் மாணவர், தொழில் வரலாறும் படமும் தெளிவாக இருக்கும்போது துண்டெடுக்கும் துன்பம் பெரும்பாலும் வேண்டுவதில்லை என்பதை அறியாதவர். (அ) என்று எழுதுபவர் அரை நூற்றாண்டுப் பழைய தவற்றை மீண்டும் செய்கிறார். வினா அமைப்போர் மற்றொன்றையும் கவனித்தல் நலம்: சரியான விடையை மட்டும் நீளமாகவும் நுணுக்கமாகவும் எழுதிவிடும் பழக்கம் ஆசிரியர் பலருக்கு உண்டு. கெட்டிக்கார மாணவர் பாடத்தைப் படிக்காமலே விடையின் நீளத்தை அளந்து மதிப்பெண் பெற்றுவிடுவர்!

அமெரிக்கக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். அறிந்திருத்தல், எவ்வாறென அறிந்திருத்தல், செய்து காட்டுதல், உண்மைத் தொழிலில் செய்தல் என்பன அவை. பழைய கோலார் வினா முதற்படியில் நிற்கிறது; திருத்திய வினா இரண்டாம் படியை எட்டுகிறது. மூன்றாம் படிக்குச் செய்முறைத் தேர்வே வழி. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹார்டனும் அவர்தம் துணைவரும் வகுத்த முறைப்படி, மாணவர் மணியொலிக்கேற்ப மேசைக்கு மேசை நகர்வார். ஒரு மேசையில் படம், மற்றொன்றில் மூச்சளவுத் தாள், வேறொன்றில் நோயாளி. ஒரு மேசையில் தொழில் வரலாறு கேட்பதை மட்டுமே ஐந்து நிமிடம் சோதிக்கலாம். 'காவலாளி' என்பதோடு நின்றவருக்கு மதிப்பெண் இல்லை என்று தேர்வாளரின் தாளில் முன்கூட்டியே அச்சிட்டு வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர் அனைவரும் "அதற்கு முன்னால்?" என்று கேட்கப் பழகிவிடுவர். தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே மாணவர் படிப்பர் என்பது எல்லா ஆசிரியரும் கண்ட உண்மை; குறை சொல்லிப் பயனில்லை, பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நான்காம் படியை எந்தத் தேர்வு மண்டபமும் அளக்காது. அதை அளப்பது சட்டமும் ஊழியரும்.

அறிவிக்கும் கடமை

1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்கோ முன்பு பார்த்தவருக்கோ அறிவிக்கத்தக்க நோய் இருப்பதாக நம்பும் மருத்துவர், தாமதமின்றித் தலைமைச் சுரங்க ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என விதித்தது. சிலிகோஸிஸ் அத்தகைய நோய்களுள் ஒன்று. 2020-ல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் மருத்துவர்மீது இதே போன்ற கடமையைச் சுமத்துகிறது. "முன்பு பார்த்தவர்" என்ற சொற்கள் கவனிக்கத்தக்கவை. சுரங்க ஆஸ்பத்திரி டாக்டருக்கு மட்டும் உரிய கடமையன்று இது. எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் அந்நோயாளி சென்றாலும், கடமை அவருடையது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் சிலிகோஸிஸையும், சிலிகோஸிஸோடு சேர்ந்த காசத்தையும் தொழில்நோய்களாகக் கொண்டது. ஆகவே, சீட்டில் "காசம்" என்று மட்டும் எழுதப்படுவதற்கும் "சிலிகோஸிஸோடு சேர்ந்த காசம்" என்று எழுதப்படுவதற்குமுள்ள வேறுபாடு மருத்துவ நுணுக்கம் மட்டுமன்று. ஒரு குடும்பம் உரிமை கோர இயலுமா இயலாதா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

சுரங்கம் நடந்த நாளில் தொழிலாளருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை செய்ய விதிகள் இருந்தன. சுரங்கம் மூடியபின் படமெடுக்க அழைப்பவர் இல்லை. தங்க வயல் மக்களில் பலர் நாள்தோறும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். வேறு பலர் குடிபெயர்ந்துவிட்டனர். இந்நிலையில் அவர்களை முதலில் காண்பவர் பெரும்பாலும் கிராம சுகாதார ஊழியரோ காசநோய்த் திட்ட ஊழியரோதான். இவ்வூழியர் நோயை நிர்ணயிக்க வேண்டுவதில்லை. காசநோய்ப் பதிவேட்டில் ஒருவர் பெயரை எழுதும்போது, பிழைப்பிற்காக இளமை முதல் செய்த வேலைகளை வரிசையாகக் கேட்டு, இடத்தின் பெயரோடும் ஆண்டுகளோடும் ஓரத்தில் குறித்தனுப்பினால், மருத்துவரின் வேலையில் பாதி முடிந்துவிடும். பழைய சுரங்க அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ வீட்டில் இருப்பின் பத்திரப்படுத்தச் சொல்வதும் பேருதவி. இரண்டு மூன்று முறை காசநோய் மருந்துண்டும் மூச்சிரைப்பு நீங்காத பழைய சுரங்கத் தொழிலாளியைக் கண்டால், உடனே மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இது தங்க வயலோடு முடிவதன்று. மத்தியப் பிரதேசத்து மந்த்ஸோரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களிடமும், குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை மெருகிடுபவர்களிடமும், நாடெங்கும் கல் உடைக்கும் ஆலைகளிலும் இதே நோய் காணப்பட்டுள்ளது. பள்ளி ஆசிரியருக்குச் சிலேட்டுக் குச்சியின் கதை ஒரு பாடமாகவே உதவும். தங்க வயலிலோ, அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட நுண்மணல் ஊரை ஒட்டிக் குன்றுகளாக நிற்கிறது. சயனைட் மேடு என்று ஊரார் அதற்குப் பெயரிட்டுள்ளனர். கோடைக் காற்றில் அதன் தூசி வீடுகளுக்குள் வருவது அவர்கள் நெடுநாளாகக் கூறிவரும் குறை.

சுரங்கச் சட்டத்தின்படி மருத்துவர் எழுதி அனுப்ப வேண்டியிருந்த விவரங்கள் மூன்று மட்டுமே: நோயாளியின் பெயரும் முகவரியும், அவருக்கு உள்ள நோய், அவர் வேலை பார்க்கும் சுரங்கம், அல்லது கடைசியாக வேலை பார்த்த சுரங்கத்தின் பெயரும் முகவரியும். முதல் இரண்டையும் மருத்துவர் தாமே நிரப்பிவிடலாம். மூன்றாவதை நோயாளியிடம் கேட்டே எழுத முடியும். சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் என்று அவர் சொல்லும் பெயருக்குரிய வாயில்கள் 2001-லேயே பூட்டப்பட்டுவிட்டன. எனினும் அப்பெயரை எழுதாத அறிக்கை நிறைவுற்றதாகாது.